மத்தியானப் பூட்டு

சாப்பாட்டு மணி முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன கையோடு சுகாதார மந்திரி வந்து சின்னவர்களின் கக்கூஸைப் பூட்டினாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிற மந்திரி. கழுத்தில் சிவப்பு நாடா, நாடாவில் சாவி. பூட்டு பெரியது, கை சின்னது; இரண்டு கையாலும் அமுக்கினால்தான் விழும். விழுந்ததும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, பூட்டியாச்சு! நீ காலை நீட்டிக்கோ" என்று முற்றமே கேட்கக் கத்திவிட்டு ஓடினாள்.

மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களுக்கும் பினாயில் கேன்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவள் காலை நீட்டினாள். பள்ளிக்கூடத்துக்கே அவள் ஆயாம்மா. மந்திரிக்கு மட்டும் அம்மா. கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமந்து தேய்ந்த முட்டி. இந்த வேலைக்கு வந்த பிறகாவது ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. பெரிய பிள்ளைகளின் கக்கூஸ் மாடியில் இருந்தது, அதில் அவ்வளவு தொல்லையில்லை. கீழே இருப்பது ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும். அதுகளுக்குக் குறி பார்த்து உட்காரத் தெரியாது, குழாயை மூடத் தெரியாது, செருப்பைக் குழிக்குள் விட்டுவிட்டு அழ மட்டும் தெரியும். காலையில் பளிச்சென்று கழுவி விட்டால் மத்தியானத்துக்குள் சேற்று வயல். மறுபடி கழுவி, கடைசி மணி அடித்ததும் மறுபடி கழுவணும். ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிரும்போது முட்டிக்குள் சரளைக்கல் அரைபடுவது போலிருக்கும்.

ஒரு சாயங்காலம் மகள் அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் பொடிசுங்க மட்டும் மத்தியானத்துக்கு மேல வராம இருந்தா நான் நூறு வயசு இருப்பேன்டி" என்று சொல்லிவிட்டாள். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று வந்த பேச்சு. சொன்னவள் அதோடு தூங்கிப்போனாள். கேட்டவள் தூங்கவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை கடைசிப் பீரியடில் மாணவர் மன்றம் கூடும். பிரதமர், மந்திரிகள், எல்லாம் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும்தான். பெரிய டீச்சர் பின்பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளியைப் பார்க்க வெளியிலிருந்து யார் வந்தாலும் அவர் முதலில் காட்டுவது மன்றத்தைத்தான்; "பிள்ளைங்க போட்ட தீர்மானத்துல நான் தலையிட மாட்டேன்" என்பது அவருடைய பெருமை. அந்த மன்றத்தில் சுகாதார மந்திரி எழுந்து, "கீழ இருக்கிற கக்கூஸ் சுத்தமா இருக்கணும்னா மத்தியானத்துக்கு மேல யாரும் போகக் கூடாது" என்றாள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கைகள் உயர்ந்தன. யாரால் அடக்க முடியாதோ அவர்களுக்கு அங்கே கை கிடையாது.

முதல் சில நாட்கள் ஆயாம்மா சொர்க்கத்தில் இருந்தாள். மத்தியான வெயிலில் முற்றம் காலியாகக் கிடக்க, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிற சுகம் வேலைக்கு வந்த நாள் முதல் வாய்க்காதது. தன் வயிற்றில் பிறந்தது தனக்காகச் சட்டமே போட்டிருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆளனுப்பி, பெஞ்சுக்கு அடியில் ஒரு பையன் நனைத்துவிட்டான் என்றபோதுகூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குளத்தைக் கழுவுவதற்கு ஒரு குட்டையைத் துடைப்பது மேல். ஆனால் குட்டை தினமும் வந்தது. துடைக்கும்போது அந்தந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து நின்றது.

பிறகு பட்டாணி வந்தாள். ஒன்றாம் வகுப்பிலேயே சின்னவள், உருண்டை மூஞ்சி. ஒரு மத்தியானம் படிக்கட்டின் ஓரத்தில் தொடையை இறுக்கிக்கொண்டு நின்று, ஏதோ திருடிவிட்டவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"ஆயாம்மா, நான் தண்ணியே குடிக்கல. ஆனாலும் வருது."

அவள் தண்ணீர் பாட்டில் தோளில் நிறைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆயாம்மா அவளைச் செடி மறைவுக்குக் கூட்டிப்போனாள். எரியுது எரியுது என்று பிள்ளை அழுதது. வகுப்பில் கொண்டுபோய் விட்டபோது டீச்சர் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாதி பசங்க பாட்டில் அப்படியேதான் வீட்டுக்குப் போகுது. எனக்குத் தெரியாமலா? நான் பேசினா பெரிய டீச்சருக்கு ஆகாது. உங்க பொண்ணுதானே மந்திரி, நீங்க சொல்லுங்களேன்."

வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள்.

"நாளைக்கு மன்றத்துல பேசி அதத் தெறந்து விட்டுடு."

"எதைம்மா?"

"கஜானாவை. வேற எதை? கக்கூஸத்தான்."

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "உன் கால்?"

"என் கால் எங்கயும் ஓடிப்போயிடாது."

"உனக்காகத்தானே கொண்டு வந்தேன். நீதானே சொன்னே?"

"அலுப்புல ஆயிரம் சொல்லுவேன். செத்துத் தொலையறேன்னு தினம்தான் சொல்றேன். அதுக்கும் ஒரு தீர்மானம் போடுவியா?"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எல்லாரும் கேலி பண்ணுவாங்கம்மா" என்றாள் கடைசியில். அப்படியானால் வேண்டாம் விடு என்று சொல்ல ஆயாம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அது மகளுக்காகச் சொன்னதா முட்டிக்காகச் சொன்னதா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் மன்றம் கூடிய அறைக்கு வெளியே, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றாள். மகள் எழுந்து பேசியது பாதிதான் காதில் விழுந்தது. பிரதமரின் குரல் நன்றாகவே கேட்டது. அவன் அப்பாவைப் போல இடுப்பில் கை வைத்துப் பேசுகிறவன்.

"பூட்டச் சொன்னதும் நீதான், தெறக்கச் சொல்றதும் நீதான். மந்திரின்னா ஒரே பேச்சு வேணாமா?"

அறை சிரித்தது.

"சின்னப் பசங்க பாவம்" என்றாள் மகள்.

"நாமளும் சின்னப் பசங்கதான். நாம மாடி ஏறிப் போகல?"

"அவங்க மாடி ஏறக் கூடாதுன்னு நாமதானே சட்டம் போட்டோம். விழுந்துடுவாங்கன்னு."

"அப்ப அடக்கிக்கச் சொல்லு. சுத்தமா இருக்குன்னு பெரிய டீச்சரே பாராட்டினாங்க."

திறக்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஜன்னல் வழியே பார்த்தாள். மகளின் கையும், கூடவே விளையாட்டு மந்திரியின் கையும். அந்தக் கையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறியப் போய்விட்டது. பெரிய டீச்சர் எழுந்து, தோல்வியையும் சிரிச்ச முகமா ஏத்துக்கணும், அதுதான் மக்களாட்சி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தோற்றவளும் தட்டினாள்.

ஆயாம்மாவுக்கு முதலில் வந்தது அப்பாடா என்ற பெருமூச்சுதான். நம்மாலானதைச் செய்தாயிற்று, இனி நம் கையில் என்ன இருக்கிறது. அந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் தன் மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. மாப்பைப் பிழிந்தாள்.

அடுத்த நாள் சாப்பாட்டு மணிக்குப் பிறகு மந்திரி வந்தாள். இரண்டு கையாலும் அமுக்கிப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். கத்தவில்லை. மாடிப்படிக்கு அடியில் குனிந்து வந்து, கழுத்திலிருந்த நாடாவைத் தலைவழியாகக் கழற்றி, சாவியை அம்மாவின் மடியில் போட்டாள்.

"தீர்மானம்மா. நான் தெறக்கக் கூடாது." மூக்கை உறிஞ்சினாள். "நீ மன்றத்துல இல்லல்ல."

"பெரிய டீச்சர் பார்த்தா?"

மகள் போய்விட்டாள்.

நாடாவில் பிள்ளையின் கழுத்துச் சூடு இன்னும் இருந்தது. ஆயாம்மா சாவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிரந்தரமில்லாத வேலை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் போதும். சொன்னால் திரும்பவும் கட்டட வேலைதான், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. சொல்லாவிட்டாலும் சேற்று வயல்தான், தினமும், இரண்டு தடவை. பெரிய டீச்சர் அறையின் கதவு முற்றத்துக்கு அந்தப் பக்கம் பாதி திறந்திருந்தது. வெயில் நீட்டிய காலின் மேல் இதமாக விழுந்தது.

படிக்கட்டின் ஓரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டாணி. தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாள். பூட்டைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள்.

"இங்க வா. கையக் குடு" என்றாள் ஆயாம்மா.

"எதுக்கு?"

"என்னைத் தூக்கி விடு. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

பட்டாணி இரண்டு கையாலும் அவள் விரல்களைப் பிடித்து, ஒரு காலோடு மறுகாலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தாள். பெரிய உடம்பு அசையவில்லை. ஆயாம்மா மறுகையைத் தரையில் ஊன்றினாள்.

"இழுடி, இன்னும் கொஞ்சம் இழு. சோறு திங்கல நீ?"

"வந்துடும் ஆயாம்மா, இழுத்தா வந்துடும்" என்று பட்டாணி முகமெல்லாம் சிவந்து, பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக, பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.