மெழுகை உடைத்தவன்

பல்செட் செய்கிற அண்ணன் கண்டுபிடித்த ஆட்டத்தை இந்த உலகத்தில் ஒழுங்காக ஆடியவர்கள் மொத்தம் நான்கு பேர். இருநூறு பிரதி அச்சடித்தார். பத்தொன்பது விற்றது. அதிலும் ஏழு பிரதியை எங்கள் கூட்டத்து மருந்துக்கடைக்காரியே வாங்கினாள். அவளை நாங்கள் மாத்திரை என்றுதான் கூப்பிடுவோம். மீதியெல்லாம் அண்ணனின் லேபில் பிளாஸ்டர் மூட்டைகளுக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டிருந்தன. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

ஆட்டத்தின் பெயர் ‘மூழ்கும் ஊர்’. பலகை கிடையாது, காய் கிடையாது. காகிதம், பென்சில், பகடை, வாய், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேச வேண்டும். அண்ணன் கதையை நடத்துவார். ஊருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், கடைசியில் படகில் ஓர் இடம் குறையும். பகடைகளை ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் அவரே வார்த்திருந்தார். “அடுத்தவங்க வாய்க்குள்ள கையை விட்ட மாதிரி இருக்கு” என்று அண்ணி பகடையை உருட்டும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். உருட்டாமல் மட்டும் இருக்க மாட்டார்.

இந்த ஆட்டத்துக்கு உயிர் ஒரு விதியில் இருந்தது. தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து யாரிடமும் சொல்லாத ஓர் உண்மையை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பல் மெழுகால் ஒட்டி நடுவில் வைக்க வேண்டும். படகில் இடம் கிடைக்காதவன் இன்னொருவரின் மெழுகை உடைத்துச் சீட்டை உரக்கப் படித்தால், அவருடைய இடம் அவனுக்கு. படிக்க மனமில்லையென்றால் மூழ்கலாம். ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சீட்டும் பிரிக்கப்படாமலே பர்னரில் எரியும். பதினோரு வருஷத்தில் நாங்கள் எத்தனையோ முறை மூழ்கியிருக்கிறோம். மெழுகை ஒருவரும் உடைத்ததில்லை. “உடைக்கலாம், ஆனா உடைக்க மாட்டோம். ஆட்டமே அதுதான்” என்பார் அண்ணன். வாங்கிய மற்றவர்கள் விதியைப் படித்ததும் பயந்து பெட்டியைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் ஆட்டம், இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை போனை அணைத்துவிடுவேன். அந்த நேரத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அவரவர் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். என் வீட்டில் எனக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது. மனைவி, மகன், மைத்துனன் எல்லோரும் என்னைச் சுற்றி நடந்து போவார்கள், கூடத்தில் கிடக்கும் ஸ்டூலைச் சுற்றிப் போவதுபோல. அண்ணன் என் கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் நான் வாயைத் திறந்தால் காது கொடுத்துக் கேட்கிற ஒரே மனிதர். அதனால் அந்த நான்கு மணி நேரம் என்னுடையது. அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்போதுதான் கம்பெனி அம்மா வந்து சேர்ந்தார். விளையாட்டுகளைத் தயாரித்து விற்கிறவர். விற்ற பத்தொன்பதில் ஒன்று எப்படியோ அவர் கைக்குப் போய்விட்டது. ஆடிப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்துவிட்டார். அண்ணன் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். அந்த மனிதர் இஸ்திரி போட்டு நான் பார்த்ததே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக ஒருத்தர் அவரைத் தேடி வந்திருக்கிறார் என்று வீடே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மா நன்றாக ஆடினார், அதுதான் வினை. தபால்காரியாக வந்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு வீடுவீடாகக் கடிதம் கொடுத்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாத்திரை கை தட்டினாள். இரண்டு மணி நேரத்தில் அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “சார், இதை ஆயிரம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். நீங்க ஒரு ஆறு மாசம் எங்க ஊர்ல வந்து தங்கணும்” என்றார்.

“ஆறு மாசம் என்ன, ஒரு வருஷம்கூட இருக்கலாமே!” என்றார் அண்ணி.

அண்ணனின் காது சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், பொறாமைதான்.

அடுத்த சுற்றில் படகு வந்தது. என் பகடையில் விழுந்தது இரண்டு, எல்லோரையும்விடக் குறைவு. எனக்கு இடமில்லை. வழக்கமாக இந்தக் கட்டத்தில் நான் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே மூழ்குவேன், எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்குக் கையை நீட்டி அந்த அம்மாவின் சீட்டை எடுத்தேன்.

“டேய்” என்றார் அண்ணன்.

“விதியில இருக்குல்லண்ணே?”

நகத்தால் மெழுகைப் பெயர்த்து உரக்கப் படித்தேன். ‘அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வீட்டு விலாசத்தைத் தெரிந்தேதான் தப்பாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு போகவில்லை.’

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மூன்று முறை அழுத்தினார். “விதிப்படிதானே, சார்?” என்று அண்ணனிடம் கேட்டார். அவர் தலையை ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா படியிறங்கிப் போய்விட்டார். மாத்திரை என்னைப் பார்த்து, “நீயெல்லாம் மனுஷனா?” என்றாள். நான் படகில் ஏறிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன்.

புதன்கிழமை அண்ணன் லேபுக்கு வரச் சொன்னார். போனேன். அவர் முன்னால் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்கள் பாதி வேலையில் கிடந்தன.

“அந்த அம்மா போன் பண்ணினாங்க” என்றார். “ரெண்டு நாளா யோசிச்சாங்களாம். ஆட்டம் மனசை விட்டுப் போகலையாம். அச்சுப் போடுறதுக்கு ரெடியா இருக்காங்க.”

“அப்ப சரி.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அந்த ஆளு அப்படிப்பட்டவரா, இல்ல இந்த ஆட்டம் அவரை அப்படிப் பண்ண வெச்சுதா? அந்த ஆளுதான்னா பரவாயில்ல, ஊர்ல நாலு பேர் அப்படித்தான் இருப்பாங்க, நான் போடுறேன். ஆட்டம்தான்னா இன்னொரு வீட்ல இது நடக்க நான் காரணமா இருக்க மாட்டேன்னாங்க.” கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தார். “நான் என்னடா பதில் சொல்றது? நீயே சொல்லு. நீ சொன்னா நம்புவேன்.”

ஒரே ஒரு வார்த்தை போதும். நான்தான் அண்ணே, வேணும்னேதான் படிச்சேன், நீங்க போயிடுவீங்கன்னு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த உலகத்தில் என்னை நல்லவன் என்று நம்புகிற ஒரே முகம். அதையும் இழந்துவிட்டு எங்கே போவேன்?

“ஆட்டம்தாண்ணே” என்றேன். “உக்காந்தா என்னவோ ஆயிடுது. கை தானா போச்சு.”

அவர் எழுந்து, பல்செட்டைத் தேய்க்கிற கிரைண்டரைப் போட்டார். டப்பாவிலிருந்து பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் வைத்துத் தேய்த்தார். இளஞ்சிவப்புத் தூள் அவர் மீசையிலும் என் சட்டையிலும் படிந்தது. ஆறாவது பகடையும் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“மன்னிச்சிருடா” என்றார். குரல் உடைந்திருந்தது. “உன்னை மாதிரி ஒரு பிள்ளையை இப்படிப் பண்ண வெச்சுட்டேனே.”

“பரவாயில்லண்ணே” என்றேன்.