பாறைமேல் பட்டுக் காவலர்

குமரகுருவின் விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் 'பட்டுக் காவலர்' என்று இருக்கும். பட்டம் கொடுத்த சங்கத்துக்கு அவரே தலைவர். காஞ்சிபுரத்தில் தன் கடைக்கு நெய்துகொடுக்கும் பதினைந்து பேரை வேனில் ஏற்றி ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓர் அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக ஏற்பாடு. புடவைப் பெட்டியை ஒட்டி மூடியிருந்தார். அம்மன் மேல் படுவதற்கு முன் மனிதக் கை படக்கூடாதாம். அசல் கைத்தறி, யானையைக் கட்டி இழுக்கலாம் என்று பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் மூன்று முறை சொல்லிவிட்டார்.

மலையில் கனமழை, இடி, திடீர் வெள்ளம் என்று காலையிலிருந்தே எல்லார் செல்போனும் எச்சரித்தபடி இருந்தது. திரும்பிவிடலாமா என்று டிரைவர் ஜாஃபர் கேட்டதற்கு, பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கே வெள்ளம் காட்டுகிறாயா என்றார். அன்றைக்குப் பாலாற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மலை ஓடையில் இறங்காதீர்கள் என்று வனத்துறை பலகை வைத்திருந்தது. கரையிலிருந்து பத்தடியில் ஒரு பாறை. குமரகுரு கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய் அதன்மேல் ஏறி நின்றார், கடை விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். பட்டு வேட்டி, பட்டு ஜிப்பா. ஜாஃபர் எடுத்த பதினோரு படத்திலும் தொந்தி ஒளிய மறுத்தது. பன்னிரண்டாவதற்கு மூச்சை உள்ளே இழுத்தபோது மேலே எங்கோ இடி உருண்டது. மூச்சை விடுவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் கிளையுமாக இடுப்பளவு ஆழத்துக்கு ஏறிவிட்டது. பாறையில் தண்ணீருக்கு மேலே இரண்டு முழம்தான் மிச்சம்.

வேனில் கயிறு கிடையாது. முப்பது வருஷமாக அவருக்கு நெய்துகொடுக்கும் காந்தா, அம்மன் பெட்டியைப் பிய்த்தாள். புடவையில் விரல் பட்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு ஒரு முனையை மரத்தில் கட்டி, மறு முனையில் கல்லை முடிந்து வீசினாள். அது சரியாக அவர் காலடியில் விழுந்தது. நடுவில் ஆறு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

குமரகுரு அதைத் தொடவில்லை.

"இடுப்புல கட்டிக்கினு எறங்குங்க மொதலாளி."

"வேற எதனா பாரும்மா."

"ஏன், யானையே இழுக்கும்னீங்களே."

"அது யானைக்கும்மா."

தண்ணீர் அவர் செருப்பை எடுத்துக்கொண்டு போனது. அவர் அம்மன் இருக்கும் திசையைப் பார்த்தார், கரையைப் பார்த்தார்.

"அது பட்டே இல்லப்பா," என்றார். "பாலியெஸ்டர். மிஷின்ல ஓட்டுனது. அறுந்துடும்."

வெள்ளச் சத்தத்திலும் பதினைந்து பேருக்கும் தெளிவாகக் கேட்டது. புடவையைப் பிடித்திருந்தவர்களுக்குச் சிரிக்க வழியில்லை, பிடி தளர்ந்துவிடும்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது பட்டுக் காவலர் பாலியெஸ்டரை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஓடை அவரை இரண்டு புரட்டுப் புரட்டி, வேட்டியை உருவிக்கொண்டு, ஆளை மட்டும் விட்டது. ஆறு பேரும் இழுத்துக் கரையில் போட்டார்கள். புடவையில் ஓர் இழைகூட விடவில்லை. வேறு வழியில்லாமல் அதையே சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அறுந்திருந்தாலாவது தான் சொன்னதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"பயந்துட்டியா காந்தா?" என்று கேட்டார், பேச்சை மாற்ற.

"மொதல்ல பயம்தான் மொதலாளி. பட்டு நனைஞ்சா தெம்பு கொறைஞ்சிடும், இவ்ளோ பெரிய ஆளைத் தாங்குமான்னு," என்றாள் காந்தா. "தொட்டுப் பாத்தப்புறம்தான் தைரியமே வந்துச்சு."