செல்ஃப் எடுக்காத காலை

பத்து மணிக்கு டிரைவிங் டெஸ்ட். எட்டே காலுக்குப் பல் டாக்டர் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பவில்லை. குளிரில் பல் தந்தியடிப்பதைப் போல, பானட்டுக்கு அடியில் டிக் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்தாள். இரண்டாவது தடவை கம்பங்கள் தப்பின. ஆனால் இடது பக்கம் திரும்புவதற்கு வலது பக்க விளக்கைப் போட்டுவிட்டாள். ஊரார் வாயிலெல்லாம் கை நடுங்காமல் வேலை பார்க்கிறவளுக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் அந்த டிக் டிக்கைக் கேட்டதும் அவளுக்குள் வெளியே சொல்ல முடியாத ஒரு நிம்மதி. வண்டியே கிளம்பவில்லை என்பதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

பக்கத்து சீட்டில் இருந்த கணவன் கணக்கு வாத்தியார். அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "சரி விடு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றான்.

மனசுக்குள் தான் சொல்லிக்கொண்டதையே அவன் வாயால் கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது. அதிலும் அவன் குரலில் நிம்மதி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"இன்னும் நேரம் இருக்குங்க" என்று இறங்கினாள்.

அதற்குள் மாடியிலிருந்து கொழுந்தன் இறங்கி வந்துவிட்டான். எதைக் கேட்டாலும் தெரியும் என்பான் என்பதால் வீட்டில் அவனுக்குப் பேரே 'தெரியும்'. பேட்டரி செத்துவிட்டது என்று நின்ற நிலையில் தீர்ப்புச் சொன்னான். மாற்றி எட்டு மாசம்தான் ஆகிறது என்று அண்ணன் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. எதிர்வீட்டுக்காரரின் காரைக் கொண்டுவந்து முட்டுகிற மாதிரி நிறுத்தி, கேபிள் போட்டு, அதிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் டிக் டிக்தான். உடனே அவன் பேட்டரியை மன்னித்துவிட்டு, செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றான். எதிர்வீட்டுக்காரர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கேபிளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவள் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். போன மாசம்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் அடைத்திருந்தாள். மத்தியானத்துக்கு முன்னால் வர முடியாது என்றவர், ஒரே ஒரு டிக்கா, வரிசையாக வருகிறதா என்று கேட்டார். வரிசையாக என்றாள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். கணவன் திருப்பினான். பளிச்சென்றிருந்த விளக்கு அணையப்போகிற மாதிரி மங்கியது.

"அப்ப மோட்டார் மேல சந்தேகப்பட வேணாம். கரண்ட் போற வழியிலதான் அடைப்பு இருக்கும்" என்றார் மெக்கானிக். "அன்னைக்கு நான் வாயத் திறந்தேன், இன்னைக்கு நீங்க பானட்டத் திறங்க. பேட்டரியில கம்பி சேர்ற இடம் எப்படி இருக்குன்னு பாருங்க டாக்டரம்மா."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு முனைகளையும் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. காறை படிந்த பல்லைத் தினம் இருபது பார்க்கிறவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கம்பியின் பிடியை விரலால் அசைத்தாள். ஆடியது. எதிர்வீட்டுக் கேபிளையும் இந்தப் பூஞ்சைமேல்தானே மாட்டினோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

ஸ்பானரோடு ப்ளஸ் பக்கம் பாய்ந்த கொழுந்தனைத் தடுத்து, முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும் என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"தெரியும் அண்ணி" என்று அவன் இந்தப் பக்கம் வந்தான்.

கையுறை மாட்டிக்கொண்டாள். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்தாள். நுரை பொங்கி வழிந்தது. பிடியின் உள்பக்கத்தை உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை சுரண்டினாள். கணவன் துணியோடு பக்கத்தில் நின்று, கேட்காமலேயே ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தான். காய்ந்ததும் ப்ளஸை முதலில் மாட்டி, மைனஸைப் பிறகு மாட்டி, ஆடாமல் முறுக்கினாள். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் டெஸ்ட்டின் ஞாபகமே வரவில்லை என்பது சாவியைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது.

ஒரே திருப்பு. வண்டி சீறிக்கொண்டு எழுந்தது. கொழுந்தன் தானே பெற்ற பிள்ளையைப் போல அதைப் பார்த்துப் பெருமைப்பட்டான்.

டெஸ்ட் எடுத்தது அதிகம் பேசாத ஒரு அம்மாள். கம்பங்கள் பிழைத்தன. திரும்பும்போது சரியான விளக்குதான் எரிந்தது. ஆனால் மேட்டில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டதில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஒரு லாரி. போன தடவை என்றால் அங்கேயே அழுதிருப்பாள். இப்போது, இதன் உள்ளே எது எங்கே இருக்கிறதென்று நமக்குத் தெரியுமே என்ற ஒரு தெம்பு. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, நிதானமாகச் சாவியைத் திருப்பினாள். கிளம்பியது.

கடைசியில் அந்த அம்மாள் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "வண்டி நிக்கிறது பெரிய தப்பில்லம்மா. பதறுறதுதான் தப்பு. நீங்க பதறல" என்றார்.

திரும்பி வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். வீட்டு வாசல் வந்தது. கணவன் இறங்கினான். அவள் இறங்கவில்லை.

"ஒரு சுத்து சுத்திட்டு வரேங்க" என்றாள்.

அவன் குனிந்து, பக்கத்துக் காலி சீட்டை ஒரு தடவையும் அவளை ஒரு தடவையும் பார்த்தான். பிறகு கதவைப் பதமாகச் சாத்தினான்.