சிவப்பு மையில் ஒரு லேபிள்

நைரி இறந்து பதினொரு வாரம் ஆகியிருந்தது. ஆய்வகத்தில் குளிர்பெட்டியைச் சுத்தம் செய்யும் வெள்ளிக்கிழமை வந்தது. ஆளில்லாத மாதிரிகளைக் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம்.

மூன்றாம் தட்டில் என் மனைவி நைரி தயாரித்த கடைசி மாதிரியின் குப்பி, அலுமினியத் தாள் சுற்றியபடி இருந்தது. உள்ளே பாலிமர் துகள்கள். கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள். வெளிச்சம் பட்டால் அரிசிபோல நீண்டுவிடும். அப்புறம் எத்தனை நாள் இருட்டில் வைத்தாலும் திரும்ப உருண்டையாகாது.

"டோரின், அவ கட்டுரைக்கு ரெண்டு படம்தான் பாக்கி," என்றார் பேராசிரியர் ரோஸ். "வெளிச்சத்துக்கு முன்னால ஒண்ணு, பிறகு ஒண்ணு. நீ எடுக்கறியா, வேற யாரையாவது விடவா?"

"நானே எடுக்கறேன்."

"நீயா?" பக்கத்து மேசை ஃபெர்கஸ் சிரித்தான். "இருட்டறைக் கதவைத் திறந்து நீ சாம்பிளைக் கெடுத்தேன்னு அவ உன்னை ஒரு மாசம் உள்ளயே விடலையேப்பா." பிறகு யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்து நிறுத்திக்கொண்டான்.

"பரவால்ல," என்றேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான். அந்த வெளிச்சம் துகள்களை ஒன்றும் செய்யாது. தாளைப் பிரித்தேன். மாதிரி எண்ணைப் பார்க்காமல் மூடியைத் திறக்கக் கூடாது.

லேபிளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் இது அவளுடையதில்லை. இத்தனை வாரம் தினமும் யாருடைய குப்பியைப் பார்த்துவிட்டுப் போனேன் என்று தெரியவில்லை. யாருடையது என்று பார்க்க, கைபேசி விளக்கைப் போட்டு, குப்பியை அதன் அருகே பிடித்தேன்.

எழுத்து தெரிந்தது. சிவப்புப் பேனா. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது. இருட்டறைக்குப் போகிறவள் சிவப்புப் பேனாவில் எழுதலாமா என்று எல்லோரும் அவளைக் கிண்டல் செய்வோம். நானும்தான்.

தேதி. எண். அதற்குக் கீழே: "டோரின், வெளிச்சம் காட்டாதே."

இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் விளக்கை அணைத்தேன்.

நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். எல்லாம் அரிசி. மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். ஓர் உருண்டைகூட இல்லை.

ரோஸ் கதவைத் தட்டினார். "முதல் படம் எடுத்தாச்சா?"

"இல்ல. இனி எடுக்க முடியாது. நான்தான் வெளிச்சம் காட்டிட்டேன்."

"சரி," என்றார். "இருக்கிறதை எடு."

எடுத்தேன். படம் தெளிவாகவே வந்தது. 'பிறகு' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.