இடது கை இல்லாத நிழல்

எலுமிச்சை மொட்டில் மருந்து தடவி அதன் குரோமோசோம்களைப் பதினெட்டிலிருந்து முப்பத்தாறாக்கிய நாள் முதல், ஆய்வுப் பண்ணையில் மொட்டு ஒட்டும் மொட்டுக்காரிக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று எல்லோருக்கும் விழுவது. மற்றது சற்றே தடித்தது, அந்த மொட்டிலிருந்து வளர்ந்த மரத்தின் இலைகளும் அப்படித்தான். பண்ணையில் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவரவருக்கு வேலை இருந்தது.

பதினோரு வருடம் ஓடியது. அந்த மரத்தின் மகரந்தத்தைச் சாதாரண மரத்துப் பூவில் சேர்த்துப் பிறந்த நாற்றுகள் நாலாயிரம் நின்றன. விதையில்லாப் பழம் அவற்றில்தான் காய்க்க வேண்டும். வருடாவருடம் அவள் அந்த மரத்தின் இலையைப் பறித்துக் குரோமோசோம் பார்க்கும் கருவியில் கொடுப்பாள், கருவி இரட்டை என்று காட்டும், 'நிலையாக உள்ளது' என்று எழுதுவாள். மேற்குப் பக்கம் முள் அதிகம் என்பதால் எல்லா வருடமும் பாதைப் பக்கத்து இலையைத்தான் பறித்தாள்.

மரத்தைச் சோதிக்கப் பரிசோதக அம்மாள் வரவிருந்த காலையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் கணவன் சொன்னான்: "என்னம்மா, உன் தடிச்ச நிழலுக்கு இடது கையைக் காணோமே."

அந்த நிழல் மரத்தைப் போலத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மரத்தில் ஏதோ ஒரு கிளை பழையபடி ஒற்றைக்கு, பதினெட்டுக்குத் திரும்பிவிட்டது. நிலையில்லாத மரத்தையும் அதன் வாரிசுகளையும் வேரோடு பிடுங்க வேண்டும் என்பது விதி.

"அவங்க வர்றதுக்குள்ள அந்தக் கிளையைத் தேடி வெட்டிடலாமா?" என்றான் கணவன்.

"நாளைக்கு நிழலுக்குத் தலை இல்லாமப் போனா எதை வெட்டுவீங்க?" என்றாள். ஆனால் ஆசை இருக்கத்தான் செய்தது. பண்ணைக்குப் போகும் வழியெல்லாம் ரம்பம் எங்கே மாட்டியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு வந்த அம்மாளை நேரே மேற்குப் பக்கம் அழைத்துப் போனாள். "இந்தப் பக்கம் ஒரு வருஷம்கூட இலை எடுக்கலைங்க. முள்ளுக்குப் பயந்துட்டேன்."

அம்மாள் நாற்பத்தொரு கிளையிலும் இலை பறிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கருவிக்குள் போயின. நாற்பது இரட்டை. மேற்குக் கிளை ஒன்று ஒற்றை. அம்மாள் அவளை வெயிலில் நிறுத்தி, தரையில் தடித்த நிழலை இரண்டு முறை டேப் வைத்து அளந்தாள்.

"மகரந்தம் எந்தப் பக்கத்துப் பூவுல எடுத்தீங்க?"

"பாதைப் பக்கம்தாங்க. எல்லா வருஷமும்."

"அப்போ நாற்றுக்கு ஒண்ணும் ஆகலை, அந்தக் கிளையை மட்டும் வெட்டினாப் போதும்," என்றாள் அம்மாள், முதல்முறையாக மூச்சுவிட்டதுபோல. "உங்க சோம்பேறித்தனத்துக்குத்தான் கும்பிடு போடணும்."

மொட்டுக்காரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கிளையை அன்றே வெட்டினார்கள். அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் தடித்த தளிர் விட்டது, நிழலுக்கு விரல் விரலாகக் கை முளைத்தது.

இப்போது கருவியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் கொண்டுவருகிறார்கள். மற்ற வருடங்களில் அவளைப் பத்து மணி வெயிலில் நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, தரையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள்.