பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை

கப்பைக் கொதிக்க வைக்க எந்தப் பாத்திரத்தை எடுப்பது என்று தெரியாமல் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். பால் பாத்திரத்தில் வைக்க மனசு வரவில்லை. ரசப் பாத்திரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தேடித் தேடி, ஓரம் நசுங்கிப் பரணில் கிடந்த ஓர் அலுமினியக் கிண்ணம் அகப்பட்டது. அதில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, பற்ற வைக்காமல் நின்றேன். என் கணவர் ரகுராம் ஆபீஸ் கிளம்பிப் போயிருந்தார். எனக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. அடிவயிறு காலையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு வந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று.

நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ளும் அந்த சிலிக்கான் கப்பைக் கொடுத்தது வித்யாலட்சுமி. என் டீமில் இருக்கிறாள். பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வாயைத் திறந்தால் பாதி கன்னடம். நாப்கின் உரசித் தொடையெல்லாம் புண்ணாகி, வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் கம்பெனி பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் நான் ஒருக்களித்தே உட்கார்ந்து வந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் டப்பாவைக் கையில் திணித்தாள்.

"ஒந்து சல, ஒரே ஒரு தடவை, ட்ரை பண்ணிப் பாரு தர்ஷினி. பழகிடுச்சின்னா இது ஒண்ணே போதும், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. எனக்கு வயது முப்பத்தெட்டு. இன்னும் பத்து வருஷம் மாசாமாசம் இது வரத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்பாடும் பண்ணி வைத்துக்கொள்வதா? குழந்தைக்காக ஊசி, மாத்திரை, இரண்டு முறை டெஸ்ட் டியூப், எல்லாம் பார்த்தாயிற்று. "கொஞ்ச நாள் எல்லாத்தையும் விட்டுட்டு நிம்மதியா இருங்க, தானா நடந்தாலும் நடக்கும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். போகிற போக்கில் சொன்னதாகத்தான் இருக்கும். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறோம்.

ரகு ஆஃபர் என்றால் விடமாட்டார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால் பினாயிலைக்கூட அள்ளிக்கொண்டு வருவார். ஆயுசுக்கும் போதுமான டிஷ்யூ பேப்பர் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் நாப்கின் வாங்கும்போது மட்டும் பெரிய பாக்கெட் பக்கம் அவர் கை போகாது. இருப்பதிலேயே சின்னது ஒன்று. நானும் அதைத்தான் எடுப்பேன். அடுத்த மாசத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்தால் அதுவே வாய்த்துவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம். படித்த முட்டாள்கள். இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பேசாமல் இருப்பதற்கு இந்த ஊரே ஒரு வழி செய்து கொடுத்திருந்தது. பெங்களூரில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்து, மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்கவேண்டும். காலையில் குப்பையை வெளியே வைப்பது ரகுவின் வேலை. ஆரம்பத்தில் நான் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகம் விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தள்ளி உட்காருவது, விளக்கேற்றாமல் இருப்பது எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் அந்தப் பொட்டலமே சேதி சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பொட்டலத்தைப் பார்த்த அன்று அவர் ஒன்றும் கேட்கமாட்டார். சாயங்காலம் செட் தோசை பார்சல் வாங்கிக்கொண்டு வருவார். நான் சமைக்கவேண்டாமாம். இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம்.

அடுப்பைப் பற்ற வைத்தேன். வேறொன்றுமில்லை, புண் தாங்கவில்லை.

முதலில் படுத்தி எடுத்தது. பாத்ரூமில் வியர்த்து விறுவிறுத்து, வித்யாலட்சுமியை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்புறம் பழகிவிட்டது. உட்கார முடிந்தது, நடக்க முடிந்தது. சௌகரியமாக இருந்ததே எனக்குத் துக்கமாக இருந்தது. ரகுவிடம் சொல்லவில்லை. கப்பைச் சொன்னால் பத்து வருஷத்தையும் சொல்லவேண்டும்.

வந்தது நின்று சில நாள் ஆகியிருக்கும். ரகு தண்ணீர் கேனை என்னைத் தொடவிடாமல் அவரே தூக்கி வைத்தார். "ஸ்கூட்டில போவாத, ஆட்டோ புடிச்சிக்க" என்றார். வேலை செய்யும்போது பாட்டுகூட முணுமுணுத்தார். என்ன திடீர்ப் பாசம் என்று நான் பாட்டுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால், முதல் நாள் நான் ஆசையாக வாங்கி வைத்த பப்பாளியைக் காணோம்.

"பப்பாளி எங்கங்க?"

"பக்கத்து வீட்டு சில்வெஸ்டருக்குக் குடுத்துட்டேன். இப்ப நமக்கு எதுக்கு அது?"

"இப்பன்னா?"

அவர் சுத்தமாக இருந்த அடுப்பு மேடையையே திரும்பத் துடைத்தார். காது வரைக்கும் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

"நீயா சொல்றப்ப சொல்லு தர்ஷி. நான் கேக்கமாட்டேன். கண்ணு பட்டுடப் போவுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைத்தாச்சி பப்பாளி தின்னக்கூடாது. இந்த மாசம் எந்தக் காலையிலும் அவர் கையில் சிவப்புப் புள்ளி வைத்த பொட்டலம் வரவில்லை. மனுஷன் மனசுக்குள் நாளை எண்ணி, என்னிடம் கேட்காமலே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கப்பைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "டீ போடட்டுமா?" என்றுதான் கேட்டேன். "நீ உக்காரு, நான் போடறேன்" என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன் எழுந்துகொண்டேன். பழைய பாக்கெட்டில் ஒரே ஒரு நாப்கின் மிச்சமிருந்தது. உபயோகிக்காதது, மடிப்புக் கலையாதது. அதைச் செய்தித்தாளில் வைத்துச் சுற்றினேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனா பாதி காய்ந்திருந்தது. நுனியை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தேன். குப்பைக் கூடைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தேன்.

ரகு எழுந்தார். பல் விளக்கினார். முணுமுணுத்த பாட்டு அடுக்களை வரைக்கும் போய் நின்றது. பிறகு வாசல் கதவைத் திறந்தார், சாத்தினார். என் பக்கம் வரவில்லை. பாவி, இப்படியா சொல்வாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் செட் தோசை வந்தது. தட்டில் பிரித்து வைத்து, டிவியைப் போட்டார். பையில் இன்னும் ஏதோ இருந்தது. எடுத்தேன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கியிருக்கிறார், முதல் தடவையாகத் தனியாகப் போய். தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது, இருப்பதிலேயே சின்ன நாப்கின் பாக்கெட். யாருக்கும் தெரியாமல் கொண்டுபோகட்டும் என்று கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். அலமாரியில் கப் டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். காலையில் நான் சுற்றி வைத்தது போலவேதான் இருந்தது, சிவப்புப் புள்ளி மட்டும் இல்லை.