மூலையில் இருந்த பெயர்

"மெதுவா, உங்க பக்கம் சாயுது பாருங்க" என்றாள் படத்தை மதிப்பிட வந்த பெண்.

மகள் ஸ்டூல்மேல் நின்றபடி சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆணியிலிருந்து கயிறு விடுபட்டதும் மொத்தக் கனமும் தோளில் இறங்கியது. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தும் புரட்டிப் படுக்கவைத்தும் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்த தோள்.

"அடியில கை குடு. சட்டத்தை நம்பித் தூக்காத" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

"தெரியும்ப்பா. பேசாம படுங்க."

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவதுதான் அப்பாவின் தொழில். சின்ன வீட்டுக்குப் போன ஒரு அம்மாள், மாட்டச் சுவர் இல்லை என்று இந்தப் படத்தை அவரிடமே கொடுத்துவிட்டாள். கரி மண்டிய துறைமுகம், பாய் சுருட்டிய படகுகள், ஈரக் கற்கள்மேல் பீப்பாய் உருட்டிப் போகும் ஒருவன். கடலில் கால் நனைத்தறியாத அப்பா அன்றிலிருந்து அதைப் பார்த்தபடிதான் தூங்கப் போனார். யார் வரைந்தது என்று அவர் கேட்காத ஆளில்லை. "இத்தனை வீட்டு சாமானைத் தூக்கியிருக்கேன். யாரோடதுன்னு தெரியாம ஒரு பெட்டியைக்கூட தொட்டதில்ல. இது மட்டும் இப்படி மாட்டிக்கிச்சு" என்பார்.

இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட பிறகு அவர் கேட்டது, அதை வரைந்தவர் யார் என்ற ஒன்றைத்தான். தம்பி விசாரித்து இந்தப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தான். அவன் சாயங்கால ரயிலில் வருகிறான். காலையில் போனில், "நல்ல விலை போகுமான்னு கேட்டு வை அக்கா" என்றான். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கூடத்தில் ஜன்னலோரம் மேஜையில் படத்தைக் கிடத்தினார்கள். வந்தவள் முதலில் பின்பக்கத்தைப் பார்த்தாள். துணியின் நெசவு, ஆணிகளின் துரு, மரச்சட்டத்தின் மூலைகள். பிறகு திருப்பிப்போட்டு லென்ஸை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள்.

"அசல்தான். அச்சு கிடையாது, நகலும் இல்ல. அங்கேயே உக்காந்து வரைஞ்சிருக்கார். நல்ல கை."

வலது கீழ்மூலையில் லென்ஸ் நின்றது. நீல ஒளி விளக்கை எடுத்து ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னாள். மறுபடி பார்த்தாள்.

"இங்க கையெழுத்து இருந்திருக்கு. யாரோ சோப்பு போட்டு அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. துணியே தெரியுது பாருங்க. இனி இதைப் படிக்க வழியில்ல. அடையாளம் தெரியாத ஓவியர்னுதான் எழுத முடியும்."

அம்மா டீ கொண்டுவந்தவள் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

தட்டை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நாற்காலியில் வைத்தாள்.

"கொண்டாந்த அன்னிக்கு ஒரே அழுக்கு. அவர் வேலைக்குப் போனதும் கழுவி வெச்சேன். மூலையில செவப்பா ஒரு கறை, போகவே மாட்டேன்னுச்சு. விடாம தேய்ச்சேன். சாயங்காலம் வந்து பாத்துட்டு, புதுசு மாதிரி பண்ணிட்டியேன்னார். எவ்ளோ சந்தோஷம் அவருக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னவாம்?"

மகள் தணிந்த குரலில், "கையெழுத்தே போடலன்னு சொல்லிடலாம்மா. அவருக்கு எதுக்கு இப்ப?" என்றாள்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத்தனை வருஷம் கேட்டாரே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வந்த பெண் சத்தமில்லாமல் பையைக் கட்டினாள். டீயை நின்றபடியே குடித்தாள். வாசலில், "படம் நல்ல படம். அதை அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். மகள் தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டு அதிலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றாள். கண் மூடினால் நின்றபடியே தூங்கிவிடுவோம் என்று தோன்றியது.

உள்ளே இருமல் கேட்டது. பதறிப்போய் ஓடினாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புதான் இருமலாகிவிட்டிருந்தது.

"ஊரெல்லாம் கேட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே."

"திட்டுங்க, வாங்கிக்கறேன்" என்றாள் அம்மா.

"திட்ட மூச்சு எங்க இருக்கு? அந்தக் கறை எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு."

"நம்ம எழுத்து இல்லங்க. கோணல்மாணலா இருந்துச்சு."

"அந்தக் கோணலைச் சொல்லேன்."

அம்மா யோசித்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பாரம் தூக்கிக் காய்ப்பேறிய உள்ளங்கை. அதில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"மொதல்ல இப்படி, மேலேருந்து கீழ. அப்புறம் ஒரு வளைவு."

"ம்."

"பக்கத்துல சின்னதா ஒரு சுழி."

"சுழியா, புள்ளியா?"

"சுழிதான். அதுதான் போக ரொம்ப நேரமாச்சு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "மறுபடி போடு" என்றார்.

மகள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அவர்கள் இருவரும் கைகோத்துக்கூட அவள் பார்த்ததில்லை. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது உறுமி உறுமி அடங்கியது. அம்மாவின் குரல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே மகள் கண்ணயர்ந்துபோனாள்.

விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கியிருந்தது. முதலில் அவளுக்கு என்னவென்று புரியவில்லை. பிறகுதான் அப்பாவின் மார்புமேல் கிடந்த போர்வையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அசையவில்லை.

"இல்லங்க, தப்பா சொல்லிட்டேன்" என்றாள் அம்மா, உள்ளங்கையிலிருந்து தலை நிமிராமல். "வளைவு இந்தப் பக்கம் வரும். இருங்க, மொதல்லேருந்து போடறேன்."

மகள் எழுந்து போய் அம்மாவை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, அடுத்த எழுத்தைத் தொடங்கினாள்.